எச்ஐவி நம் டிஎன்ஏவுக்குள் நுழைவதைத் தாளில் வரைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எச்ஐவியின் மரபுப் பொருள் நம் குரோமோசோமோடு ஒட்டிக்கொள்ளும் அந்த ஒரு கட்டத்தைப் புத்தகத்தில் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். 'இன்டகிரேஸ் என்ற நொதி வைரஸ் டிஎன்ஏவை இணைக்கிறது' என்று மனப்பாடம் செய்துவிட்டால் பரீட்சையில் ஒரு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் எந்த இழை வெட்டப்படுகிறது, எது எதைத் தாக்குகிறது, ஏன் இரண்டு பக்கமும் ஒரே ஐந்து எழுத்துகள் வருகின்றன என்று கேட்டால் பதில் வராது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷனுக்கு வரும் படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) பிள்ளைகளிடம் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். சுற்றுத் தோட்டங்களிலிருந்து மோட்டாரில் வருகிற நல்ல பிள்ளைகள்தான், படிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏறக்குறைய எல்லோருமே படத்தைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். முதலில் மனிதக் குரோமோசோமை வரைந்து, அதை இரண்டாக வெட்டி, நடுவில் வைரஸைச் செருகுகிறார்கள். அப்படி வரைந்தால் பாதி வேலை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். தொடங்க வேண்டிய இடம் வைரஸ் டிஎன்ஏவின் நுனி. கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் வரைந்தால் மனப்பாடம் தேவைப்படாது.

1. உட்காருவதற்கு முன் வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று, இரண்டு நிறப் பேனா, ஒரு பென்சில், ரப்பர். வைரஸுக்கு ஒரு நிறம், மனித டிஎன்ஏவுக்கு வேறு நிறம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. கோடு போட்ட தாளில் எழுதினால் மேல் இழையும் கீழ் இழையும் நேருக்கு நேர் நிற்காது. அப்புறம் ஐந்து எண்ண வேண்டிய இடத்தில் நாலோ ஆறோ எண்ணிவிடுவீர்கள்.

பென்சில் எதற்கு என்றால், கடைசியில் செல் வந்து செய்யும் பழுதுபார்ப்பை மட்டும் பென்சிலில் எழுதுவதற்கு. வைரஸ் நொதி செய்ததையும் நம் செல் செய்ததையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

பாட அறிவில் வேண்டியது மூன்றே விஷயம். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஏ எப்போதும் டியோடு இணையும், ஜி எப்போதும் சியோடு இணையும். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடும். ஓர் இழையின் ஒரு நுனியை 5′ என்றும் மறுநுனியை 3′ என்றும் சொல்வோம்; 5′ நுனியில் ஃபாஸ்பேட் இருக்கும், 3′ நுனியில் ஹைட்ராக்சில் (OH) இருக்கும். மூன்றாவதில் சந்தேகம் இருந்தால் இங்கேயே நின்று, அதைத் தெளிவுபடுத்திக்கொண்டு வாருங்கள். இன்டகிரேஸின் வேலை முழுவதும் 3′ நுனியைச் சுற்றித்தான் நடக்கிறது.

2. வைரஸ் டிஎன்ஏவின் இரண்டு நுனிகளை எழுதுதல்

எச்ஐவி ஆர்என்ஏவாக உள்ளே வருகிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற வைரஸ் நொதி அதை ஈரிழை டிஎன்ஏவாக மாற்றுகிறது. ஏறக்குறைய 9,700 இணைகள் கொண்ட நேர்க்கோடு அது, வட்டமில்லை. அதன் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான நீண்ட மறுதொடர் ஒன்று, அறுநூற்றுச் சொச்சம் இணைகள் நீளத்தில் இருக்கிறது. நமக்கு அதில் கடைசிச் சில எழுத்துகள் போதும்.

எச்ஐவி-1இன் இடது நுனி:

மேல் 5′ – ஏ சி டி ஜி ஜி ஏ ஏ ஜி ஜி ஜி …
கீழ் 3′ – டி ஜி ஏ சி சி டி டி சி சி சி …

வலது நுனி:

மேல் … டி சி டி ஏ ஜி சி ஏ ஜி டி – 3′
கீழ் … ஏ ஜி ஏ டி சி ஜி டி சி ஏ – 5′

எழுதியாகிவிட்டதா? இப்போது ஒவ்வொரு நுனியிலும் 3′இல் முடியும் இழையை மட்டும் 5′இலிருந்து 3′ நோக்கிப் படியுங்கள். வலது பக்கத்தில் அது மேல் இழை, முடிவு சி-ஏ-ஜி-டி. இடது பக்கத்தில் அது கீழ் இழை, அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அங்கேயும் முடிவு சி-ஏ-ஜி-டி.

பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இது. இடது பக்கக் கீழ் இழையைப் பழக்கத்தில் இடமிருந்து வலமாக 'டி-ஜி-ஏ-சி' என்று படித்துவிட்டு, இரண்டு நுனியும் வேறு வேறு என்று முடிவு கட்டுகிறார்கள். திசையோடு படித்தால் இரண்டும் ஒரே நாலு எழுத்தில் முடியும். நொதிக்கு இரண்டு நுனியும் ஒன்றுபோலத் தெரிவது இதனால்தான்.

3. நொதியை வைத்தல்: அது எதைப் பார்த்து அடையாளம் காண்கிறது

இன்டகிரேஸ் 288 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். மூன்று பகுதிகள். முன்பகுதி ஒரு துத்தநாக அயனியைப் பிடித்துக்கொண்டு மடிந்திருக்கும். நடுப்பகுதியில்தான் வேதிவினை நடக்கும் குழி இருக்கிறது. பின்பகுதி டிஎன்ஏவைப் பிடிக்க உதவுகிறது. நடுக்குழியில் மூன்று அமினோ அமிலங்களை மறக்கக் கூடாது: 64ஆம் இடத்திலும் 116ஆம் இடத்திலும் அஸ்பார்டிக் அமிலம், 152ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம். இந்த மூன்றும் சேர்ந்து இரண்டு மெக்னீசியம் அயனிகளைப் பிடித்துவைக்கின்றன. இவற்றில் ஒன்றை மாற்றினாலும் வினை நின்றுவிடும்.

ஒரே ஒரு மூலக்கூறை வரைந்து விடாதீர்கள். குறைந்தது நான்கு மூலக்கூறுகள் கூடி, வைரஸின் இரண்டு நுனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. இந்தக் கூட்டமைப்புக்கு இன்டாசோம் என்று பெயர். எச்ஐவிக்கு உறவான ஒரு வைரஸில் இதன் படிக வடிவம் 2010இல் வெளிவந்தது. எச்ஐவி-1இன் இன்டாசோமை 2017இல் குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதில் நான்குக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் சேர்ந்த வடிவங்களும் இருந்தன. நம் படத்துக்கு நான்கு போதும்: உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. உள்ளே இருப்பவை ஆளுக்கு ஒரு நுனியில் வினை செய்யும். வெளியே இருப்பவை தாங்கிப் பிடிக்கும்.

அடையாளம் காண்பதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ரொம்ப ஆழமாகப் பதிந்திருக்கிறது. பாடத்தில் முதலில் கட்டுப்பாட்டு நொதிகளை (குறிப்பிட்ட எழுத்து வரிசையில் டிஎன்ஏவை வெட்டுபவை) படித்துவிட்டு வருவதால், இன்டகிரேஸும் ஒரு குறிப்பிட்ட ஆறெழுத்தைத் தேடி அங்கே வெட்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது முதலில் கவனிப்பது நுனியை. அறுபடாத டிஎன்ஏவின் நடுவில் அதே எழுத்துகள் வந்தாலும் நுனியில் செய்வதுபோல அங்கே செய்யாது. நுனியில் கடைசி இணைகள் எளிதில் பிரிந்து, 3′ இழை குழிக்குள் வளைந்து நுழைய வேண்டும்.

அப்படியானால் எழுத்துகளுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கடைசியிலிருந்து மூன்றாவதும் நான்காவதுமான ஏயும் சியும் கட்டாயம் வேண்டும். எச்ஐவி சேர்ந்த ரெட்ரோவைரஸ் குடும்பம் முழுவதிலும் இந்தச் சி-ஏ மாறாமல் நிற்கிறது. அதற்கு உள்ளே இருக்கும் பத்துப் பதினைந்து இணைகளும் பிடிப்புக்கு உதவுகின்றன, ஆனால் அவற்றில் சில மாறினாலும் நொதி பொறுத்துக்கொள்ளும். நுனி, வடிவம், சி-ஏ. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அடையாளம். தாளில் இரண்டு சி-ஏக்களையும் வட்டமிடுங்கள்.

4. முதல் வினை: நுனியைச் சீவுதல்

இப்போது வலது பக்க மேல் இழையில் சி-ஏவுக்கும் ஜி-டிக்கும் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கக் கீழ் இழையிலும் அதே இடத்தில் போடுங்கள். ஜி-டியை அழித்துவிடுங்கள். எதிர் இழையைத் தொடாதீர்கள்.

நடந்தது இதுதான். மெக்னீசியம் அயனிகள் ஒரு நீர் மூலக்கூறைத் தாக்குதலுக்குத் தயார்செய்கின்றன. அந்த நீர், ஏக்கும் ஜிக்கும் நடுவிலுள்ள ஃபாஸ்பேட்டின் பாஸ்பரஸைத் தாக்குகிறது. பிணைப்பு அறுந்து, ஜி-டி என்ற ஈரெழுத்துத் துண்டு கழன்று போகிறது. மிச்சம் நிற்பது சி-ஏ, அதன் முனையில் வெறும் ஹைட்ராக்சில்.

ஏன் இந்த வேலை? அடுத்த வினையில் தாக்கப்போவது அந்த ஹைட்ராக்சில்தான். அது சரியாக ஏயின் முனையில், குழியின் சரியான இடத்தில் நிற்க வேண்டும்.

படம் இப்போது இப்படி இருக்க வேண்டும்:

இடது மேல் 5′ – ஏ சி டி ஜி ஜி ஏ ஏ …
இடது கீழ் 3′ – – – ஏ சி சி டி டி …

வலது மேல் … டி ஏ ஜி சி ஏ – – 3′
வலது கீழ் … ஏ டி சி ஜி டி சி ஏ – 5′

5′ பக்கத்தில் இரண்டு எழுத்துகள் துருத்திக்கொண்டு நிற்கும். திசையோடு படித்தால் இரண்டு பக்கமும் ஏ-சி.

இங்கே நான் பார்க்கும் பிழைகள்: இரண்டு இழைகளையும் வெட்டி மொட்டை நுனி ஆக்குவது, 5′ பக்கத்திலிருந்து எழுத்துகளை நீக்குவது, ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) என்று எழுதி ஆற்றல் அம்புக்குறி போடுவது. ஏடிபி இங்கே வருவதே இல்லை. டிஎன்ஏவை ஒட்டும் லைகேஸ் போன்ற நொதிகளுக்கு அது தேவை என்பதால் பிள்ளைகள் கை தானாகவே எழுதிவிடுகிறது.

5. சேரும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

இப்போதுதான் மனித டிஎன்ஏ தாளுக்குள் வருகிறது. இதுவரை வராததற்குக் காரணம் உண்டு. சீவப்பட்ட இரண்டு நுனிகளோடு இன்டாசோம் தயாராக இருக்கிறது. அது வந்து பிடிக்கும் பொருள்தான் குரோமோசோம்.

எழுத்துகளைப் பொறுத்தவரை இங்கே பெரிய கண்டிப்பு கிடையாது. லேசான விருப்பம் உண்டு, சட்டம் இல்லை. வளையக்கூடிய டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் சுற்றிய டிஎன்ஏ இதற்கு ஒத்துவரும். வளைத்தால்தான் இரண்டு குழிகளுக்கும் இலக்கு ஃபாஸ்பேட்டுகள் எட்டும்.

ஆனால் குரோமோசோமின் எந்த வட்டாரம் என்பது தற்செயல் இல்லை. மனித மரபுத்தொகுதியின் வரைவு கையில் கிடைத்த பிறகு, 2002இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, எச்ஐவி சுறுசுறுப்பாக வேலை செய்யும் மரபணுக்களுக்குள் போய்ச் சேர விரும்புகிறது என்று காட்டியது. நம் செல்லின் சொந்தப் புரதம் ஒன்று இதற்குத் துணைபோகிறது. எல்இடிஜிஎஃப் என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். அதன் ஒரு முனை இன்டகிரேஸைப் பிடிக்கும், மறுமுனை வேலை செய்யும் மரபணுக்களின் மேலுள்ள ஹிஸ்டோன் குறியைப் பிடிக்கும். படத்தில் ஒரு சின்ன வளையம் போட்டுக் காட்டினால் போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

பயிற்சிக்கு நான் கொடுக்கும் இலக்கு இது. எழுத்துகள் நானே வைத்தவை:

மேல் 5′ – டி டி சி ஜி ஏ டி ஏ சி ஜி ஜி ஏ – 3′
கீழ் 3′ – ஏ ஏ ஜி சி டி ஏ டி ஜி சி சி டி – 5′

நடுவிலுள்ள ஐந்து இணைகளுக்கு, மேல் இழையில் ஜி-ஏ-டி-ஏ-சிக்கு, கீழே அடிக்கோடு போடுங்கள்.

6. இரண்டாவது வினை: இழை மாற்றம்

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் போக வேண்டிய படி இதுதான்.

மேல் இழையில் ஐந்து எழுத்துகளுக்கு முன்னால் ஒரு கோடு, அதாவது சிக்கும் ஜிக்கும் நடுவில். கீழ் இழையில் ஐந்து எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு கோடு, அதாவது ஐந்தாவதான ஜிக்கும் அதற்கு அடுத்த சிக்கும் நடுவில். இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் நிற்காது, ஐந்து இணை தள்ளி நிற்கும்.

வைரஸின் வலது பக்க சி-ஏயின் ஹைட்ராக்சில், மேல் இழைக் கோட்டிலுள்ள ஃபாஸ்பேட்டைத் தாக்குகிறது. இடது பக்க சி-ஏயின் ஹைட்ராக்சில், கீழ் இழைக் கோட்டிலுள்ள ஃபாஸ்பேட்டைத் தாக்குகிறது. தாக்கிய அதே கணத்தில் பழைய பிணைப்பு அறுகிறது, புதுப் பிணைப்பு உண்டாகிறது. முதலில் வெட்டிவிட்டு அப்புறம் ஒட்டுவது இல்லை. அறுந்த பிணைப்பின் ஆற்றலே புதுப் பிணைப்புக்குப் போய்விடுகிறது. ஏடிபி தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். பாஸ்பரஸைச் சுற்றியுள்ள அமைப்பு வினையின் போது கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிவிடுவதை 1991இல் காட்டினார்கள். நேரடியான ஒரே தாக்குதல் என்பதற்கு அது நல்ல சான்று.

முதல் வினையையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குழி அதேதான், மெக்னீசியம் அயனிகளும் அவையேதான், தாக்கப்படுவது இரண்டிலும் ஃபாஸ்பேட். மாறியது தாக்குபவர் மட்டும்: முதலில் நீர், இப்போது வைரஸின் ஹைட்ராக்சில். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மீதி எல்லாம் தானாக வரும். 'எது எதைத் தாக்குகிறது?' என்று ஒவ்வொரு அம்புக்குறிக்கும் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். பதில் சொல்ல முடியாத அம்புக்குறியை அழித்துவிட வேண்டும்.

சேர்ந்த பிறகு படம்:

இடது மேல் 5′ – டி டி சி [ ஐந்து காலி ] ஏ சி டி ஜி ஜி ஏ ஏ …
இடது கீழ் 3′ – ஏ ஏ ஜி சி டி ஏ டி ஜி ஏ சி சி டி டி …

கீழ் இழையில் மனித ஜியும் வைரஸ் ஏயும் தொடர்ந்து நிற்கின்றன, அது உறுதியான இணைப்பு. மேல் இழையில் ஐந்து கட்டம் காலி. அதையடுத்து ஏ-சி இரண்டும் ஜோடி இல்லாமல் வால்போல நிற்கும். எழுதும்போது ஏ-சியை வரிக்கு மேலே தூக்கி எழுதுங்கள், கீழே அதற்கு இடமில்லை. வலது பக்கம் இதன் மறுபதிப்பு: மேல் இழை இணைந்திருக்கும், காலியும் வாலும் கீழ் இழையில்.

கோடுகளை எதிர்த்திசையில் போட்டுவிடுவது இங்கே பொதுவான பிழை. மேல் இழையில் ஐந்துக்குப் பின்னாலும், கீழ் இழையில் ஐந்துக்கு முன்னாலும் போட்டால் காலி இடம் வராது, எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அப்போது புரிந்துகொள்ளுங்கள், திரும்பிப் போய்க் கோட்டை மாற்றுங்கள்.

7. பழுதுபார்ப்பு: பென்சிலை எடுங்கள்

இன்டகிரேஸின் வேலை முடிந்தது. இனிமேல் எல்லாம் நம் செல்லின் சொந்த நொதிகள் செய்பவை.

ரப்பர் தோட்டத்தில் கன்றுக்கு மொட்டு ஒட்டிய பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது பட்டையைத் திறந்து மொட்டை வைத்துக் கட்டியது வரைதான். காயத்தை மூடி இரண்டையும் ஒன்றாக்கியது மரம். இங்கேயும் அப்படித்தான். வைரஸ் இரண்டு இழைகளை மட்டும் இணைத்துவிட்டு நிற்கிறது. மிச்சக் காயத்தைச் செல் தன் டிஎன்ஏ அறுந்ததாக நினைத்து மூடிவிடுகிறது.

பென்சிலில் செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்: காலியான ஐந்து கட்டங்களை எதிர் இழையைப் பார்த்து நிரப்புங்கள், இது பாலிமரேஸின் வேலை. ஜோடி இல்லாத ஏ-சி வாலை நீக்குங்கள். இடைவெளியை ஒட்டுங்கள், இது லைகேஸின் வேலை. ஏடிபி எழுத ஆசைப்பட்டவர்கள் இங்கே எழுதலாம்.

மேல் இழையில் கடைசியாக வர வேண்டியது:

டி டி சி – ஜி ஏ டி ஏ சி – டி ஜி ஜி ஏ ஏ ஜி … டி ஏ ஜி சி ஏ – ஜி ஏ டி ஏ சி – ஜி ஜி ஏ

ஜி-ஏ-டி-ஏ-சி இரண்டு தடவை வந்துவிட்டதைப் பாருங்கள். வைரஸ் அதைக் கொண்டுவரவில்லை. கோடுகள் ஐந்து தள்ளி விழுந்ததாலும், செல் இரண்டு பக்கமும் நிரப்பியதாலும் இரட்டித்தது.

8. சரிபார்ப்பு

மூன்று கேள்வி கேளுங்கள். மேல் இழையில் வைரஸ் நிறம் டி-ஜியில் தொடங்கி சி-ஏயில் முடிகிறதா? இரண்டு பக்கமும் ஒரே ஐந்து மனித எழுத்துகள், ஒரே திசையில் இருக்கின்றனவா? தொடக்கத்தில் எழுதிய வைரஸ் டிஎன்ஏவில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு இணைகள் குறைந்திருக்கின்றனவா?

முதல் கேள்வி தவறினால் நான்காவது படிக்குப் போங்கள். இரண்டாவது தவறினால் ஆறாவது. மூன்றாவது தவறினால் பெரும்பாலும் ஏ-சி வாலை நீக்க மறந்திருப்பீர்கள்.

9. மாத்திரை எங்கே உட்காருகிறது

படம் சரியாக வந்த பிறகுதான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் இடம் தெரியாமல் மருந்து புரியாது. இன்டகிரேஸைத் தடுக்கும் மருந்துகளில் ரால்டெக்ராவிர் 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, டோலுடெக்ராவிர் 2013இல். இந்தக் குடும்பத்து மருந்துகள் வெறும் நொதியைச் சரியாகப் பிடிப்பதில்லை. சீவிய நுனியோடு இன்டாசோம் தயாராக நிற்கும்போது குழிக்குள் நுழைந்து, இரண்டு மெக்னீசியம் அயனிகளையும் பற்றிக்கொண்டு, நுனியிலுள்ள ஏயை அதன் இடத்திலிருந்து தள்ளிவிடுகின்றன. ஹைட்ராக்சில் இருக்கிறது, ஆனால் இடம் தவறிப்போனது. இலக்கைத் தாக்க முடியாது.

உங்கள் தாளில் நான்காவது படிக்கும் ஆறாவது படிக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். மருந்து நிறுத்துவது அங்கேதான். சேர முடியாத வைரஸ் டிஎன்ஏவின் இரு முனைகளையும் செல் ஒன்றோடொன்று ஒட்டி வட்டமாக்கிவிடும். அந்த வட்டம் வைரஸுக்கு முட்டுச் சந்து. நொதியில் 148ஆம் இடத்தில் அல்லது 155ஆம் இடத்தில் அமினோ அமிலம் மாறினால் இந்த மருந்துகளில் சிலவற்றின் பிடி தளரும். இரண்டுமே வினைக்குழியின் பக்கத்தில் இருப்பவை.

ஏழாவது படி முடிந்துவிட்ட செல்லில் இந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் அதே படத்தில் காட்டுங்கள். சேர்ந்த டிஎன்ஏ அங்கேயே இருக்கும். மாத்திரை புதிய செல்களைக் காப்பாற்றுகிறது. தினமும் ஏன் விடாமல் சாப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே குரலைத் தாழ்த்துகிறார்கள். மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு நாள் விட்டால் என்ன என்று நினைக்கக்கூடும். படத்தைப் புரிந்துகொண்ட ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அமைதியாக எடுத்துச் சொல்ல முடியும்.

10. பயிற்சிக்கு

அதே இலக்கை வைத்து எலிகளின் லுக்கீமியா வைரஸுக்கு வரையுங்கள். அதற்குக் கோடுகள் நாலு இணை தள்ளி விழும். மனித டி-செல் லுக்கீமியா வைரஸுக்கு ஆறு. வைரஸ் எழுத்துகளைக் கவலைப்பட வேண்டாம், முடிவில் சி-ஏ என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேல் இழைக் கோட்டை அதே இடத்தில் வைத்து, கீழ் இழைக் கோட்டை மட்டும் நகர்த்துங்கள். முதலாவதில் இரண்டு பக்கமும் ஜி-ஏ-டி-ஏ வர வேண்டும், இரண்டாவதில் ஜி-ஏ-டி-ஏ-சி-ஜி.